வாரண்டி முடிந்து முப்பத்தெட்டாம் நாள்

— எழுபத்தோராயிரம் யுவானா? இந்தக் கரண்ட் காரையே வித்தாலும் இருபத்தஞ்சாயிரம் தேறாதே! பேட்டரியைத் தங்கத்துல வார்த்துத் தர்றானாமா?

— அதையேதான் நானும் கேட்டேன் அண்ணே. கவுண்டர்ல இருந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே டீயை நீட்டுது. "வாரண்டி முடிஞ்சிடுச்சுங்க அக்கா, இனிமே மொத்தமா மாத்தத்தான் முடியும், பிரிச்சுப் பார்க்கிறது எங்க வழக்கம் இல்லை"ன்னுச்சு. டீ மட்டும் ஓசி.

— சொல்றேன் கேளு தங்கச்சி. அவனுக்கு மாத்தத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது. பல்லு வலின்னு போனா தலையை எடுத்துட்டு வேற தலை வைக்கிற வைத்தியன். உள்ள நூத்துச் சொச்சம் செல் இருக்கு. அதுல ரெண்டோ மூணோ படுத்திருக்கும். அதை எழுப்பி விட்டா வண்டி குதிரை மாதிரி ஓடும். இந்த கெங் அண்ணனைத் தேடி வந்துட்டேல்ல, கவலையை விடு. யூஃபாங்! தங்கச்சிக்கு ஒரு ஸ்டூல் கொண்டா!

— இந்தாய்யா, ஸ்டூல் உன் காலுக்குப் பக்கத்துலதான் கிடக்கு. உன் பொண்டாட்டிக்கு ரெண்டே கைதான், ரெண்டும் மாவுல இருக்கு. உட்காரும்மா. தலையெல்லாம் நனைஞ்சிருக்கு பாரு.

— இருக்கட்டும் அண்ணி. காலையில இருந்து ஸ்டியரிங் முன்னாடி உட்கார்ந்தே இருக்கேன். கொஞ்சம் நிக்கிறேன்.

— வாடகை சவாரியா ஓட்டறே?

— ஆமாண்ணே. ஜெங்ஜோ கிழக்கு ரயில் ஸ்டேஷன் பக்கம். பகல்ல நான், பொழுது சாஞ்சா வீட்டுக்காரர். ரெண்டு பேருக்கும் இந்த ஒரு வண்டிதான்.

— பேரு என்ன சொன்னே, மிங்ஷியாவா? சரி மிங்ஷியா, சாவியைக் குடுத்துட்டுப் போ. நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்க.

— இல்லண்ணே. இப்பவே பிரிங்க. நான் நின்னு பார்க்கிறேன்.

— நல்ல செல்லைக் கழட்டிட்டு ஓட்டையைப் போட்டுடுவேன்னு பயமா?

— அப்படி இல்லை. உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு தடவை கண்ணால பார்க்கணும். அவ்வளவுதான்.

— பார்க்க என்ன இருக்கு, சாம்பல் கலர் டப்பாங்க. கல்லறை மாதிரி வரிசையா இருக்கும். சரி, உன் ஆசை. தள்ளி நில்லு, லிஃப்டை ஏத்தறேன்... ம். இப்ப போல்ட்டு. இதைக் கழட்டறதுதான் நாய்ப்பாடு. கம்பெனிக்காரன் சுத்தியும் பசை போட்டு இறுக்கி... இரு. பசையைக் காணோமே.

— கம்பெனிக்காரனும் அதைத்தான் சொன்னான். சீல் உடைஞ்சிருக்கு, யாரோ ஏற்கெனவே பிரிச்சிருக்காங்க, வாரண்டி இருந்திருந்தாக்கூட தொட்டிருக்க மாட்டோம்னான்.

— யாருகிட்ட குடுத்தே?

— வீட்டுக்காரர்தான் எங்கியோ கொண்டுபோனார். ரெண்டு வருஷம் ஆச்சு. வாரண்டி அப்பதான் முடிஞ்சிருந்துச்சு. எனக்குக் கால் உடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருந்தாங்க, நான் போகலை.

— வீட்டுக்காரனைக் கேட்கலையா?

— கேட்டா என்ன, கேட்கலைன்னா என்ன. திறங்க அண்ணே.

— திறக்கிறேன், திறக்கிறேன். இந்தப் பக்கம் கையைக் குடு. மெதுவா. மூடியில விரலைக் குடுத்துடாதே... அப்படியே கீழ வை. ஆங். இனி விளக்கைப் பக்கத்துல கொண்டாந்தா...

— என்னண்ணே? இவ்வளவு நேரம் வாய் ஓயலை. இப்ப மூச்சையே காணோம்?

— ஒண்ணுமில்லை.

— வேலையை நல்லாப் பண்ணியிருக்கானா?

— ம்.

— ம்முன்னா நல்லாவா, மோசமாவா?

— எவனோ தெற்கத்திக்காரன் வேலை. அரைகுறை.

— பார்த்த உடனே தெரிஞ்சிடுமா?

— வெல்டிங்கைப் பார்த்தாத் தெரியும். கையெழுத்து மாதிரி. ஒருத்தன் நேரா இழுப்பான், ஒருத்தன் புள்ளி வைப்பான்...

— இவன் மூணு மூணு புள்ளியா வெச்சிருக்கானே.

— நிறைய பேர் அப்படி வைப்பாங்க.

— இந்தப் பச்சை டேப்பு? அதே ரோல் உங்க மேஜை மேலயும் இருக்கு.

— பச்சை டேப்பு என்ன, எங்க தாத்தா கண்டுபிடிச்சதா? ஊர் முழுக்க விக்கிறான். சொல்றேன் கேளு தங்கச்சி. இந்த ஆறு கட்டு செல்லும் சரியில்லை. ஆறையும் எடுத்துட்டு வேற போட்டுடறேன். நல்ல சரக்கா. நீ ஒரு பைசா தர வேணாம்.

— இந்தாய்யா! என்னது, பைசா வேணாமா? மழைத் தண்ணி மூளைக்குள்ள போயிடுச்சா?

— நீ மாவைப் பிசை!

— வேணாம்ண்ணே. ஓசி மருந்து கசக்கும்னு எங்கம்மா சொல்லும். லூ பெய்ஷான்னு ஒருத்தரைத் தெரியுமா உங்களுக்கு?

— தெரியாது.

— காது ரெண்டும் முறம் மாதிரி இருக்கும். பேச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தும்மல் போடுவார். இதே மாடல், வெள்ளை வண்டி.

— இங்க ஆயிரம் வண்டி வருது, போகுது. காதை எல்லாம் யாரு பார்க்கிறா?

— அவரு வண்டி எட்டு வருஷம் ஒரு கோளாறு இல்லாம ஓடிச்சு. வாரண்டி முடிஞ்சு முப்பத்தெட்டாம் நாள் மேம்பாலத்து மேல நின்னுபோச்சு. முப்பத்தெட்டு நாள் அண்ணே! அதே டீ குடுக்கிற பொண்ணுதான். "சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது"ன்னு சொல்லியிருக்கு. மனுஷன் அங்கயே மூணு நாள் உட்கார்ந்தார். தினமும் ஒரு டீ. நாலாம் நாள் காவல்காரன் கதவைத் திறக்கலை.

— எல்லாருக்கும் இதே கதைதான் தங்கச்சி. அதுக்கு நான் என்ன செய்ய?

— அப்புறம் வண்டியை யாரோ சரி பண்ணிக் குடுத்தாங்க. அஞ்சுல ஒரு பங்கு காசுல. ஸ்டேஷன் வாசல்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சார், "கம்பெனிக்காரன் மூஞ்சியில சாணியை அப்பிட்டேன்"னு. பதினஞ்சு மாசம் ஓட்டினார். இந்த ஜூன் மாசம்...

— ஒரு நிமிஷம் பேசாதே.

— நான் சொல்றதைக் கேளுங்க...

— பேசாதேங்கிறேன்! அந்த மஞ்சள் துப்பாக்கியை எடு. சூடு பார்க்கிறது, மீட்டருக்குப் பக்கத்துல. குடு.

— என்ன ஆச்சு?

— நாப்பத்தொண்ணு.

— அது ஜாஸ்தியா?

— பக்கத்துல இருக்கிறதெல்லாம் இருபத்தி நாலு காட்டுது. மூடியைத் தூக்கும்போது எங்கியோ அசைஞ்சிருக்கு. ஒண்ணும் பயமில்லை. இந்த ஒரு கட்டை மட்டும் முதல்ல கழட்டிடலாம். ஸ்பானர்... பத்தாம் நம்பர்... யூஃபாங், அடுப்பை அணை.

— அடுப்பு உள்ளதானே இருக்கு, உனக்கென்ன...

— அணைடி!

— ஜூன் மாசம் அண்ணே. மத்தியானம் கரண்ட் விலை கம்மின்னு எல்லாரும் சார்ஜ் போட வருவோம். வடக்கு வளையச் சாலை ஓரமா இருக்கே, அந்த மைதானத்துல. வெயில் நாப்பது. ஏசியைப் போட்டுக்கிட்டு வண்டிக்குள்ளயே தூங்குவோம். பெய்ஷான் பின்சீட்டுல படுத்திருந்தார். செருப்பைக் கழட்டி வெளியில வெச்சிட்டு.

— நாப்பத்தாறு. இந்த நட்டு சுத்த மாட்டேங்குது.

— நான் நாலு வண்டி தள்ளி நின்னு ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தேன். முதல்ல புகைகூட இல்லை. ஒரு சத்தம். குக்கர்ல ஆவி வருமே, அது மாதிரி. அப்புறம் வெள்ளையா புகை. அப்புறம் கீழ இருந்து எல்லாப் பக்கமும் நெருப்பு. ஓடிப்போய்க் கதவைப் பிடிக்கலாம்னா கைப்பிடியே இல்லை. கரண்ட் இருந்தாத்தான் வெளிய வருமாமே அந்தக் கைப்பிடி. வழவழன்னு இருக்கு கதவு. எங்க பிடிக்கிறது?

— ஒரு கையைக் குடு. இதை அமுக்கிப் பிடி. இந்த ரப்பர் உறையைப் போட்டுக்க முதல்ல.

— உள்ள இருந்து திறக்க ஒரு கம்பி இருக்காம். கையேட்டுல எங்கியோ ஒரு ஓரத்துல போட்டிருக்காம். யாரு படிச்சாங்க? வெந்நீர் குடுவையால கண்ணாடியை அடிச்சேன். குடுவைதான் நசுங்கிச்சு. அவர் என்னைப் பார்த்தார் அண்ணே. உள்ள இருந்து.

— அமுக்கிப் பிடிங்கிறேன்! கை அசைஞ்சா ரெண்டு முனையும் ஒட்டிக்கும். வந்திடுச்சு. ஒண்ணு கழண்டிடுச்சு. இன்னும் மூணு. எவ்வளவு காட்டுது பாரு.

— அம்பத்தி மூணு.

— இந்தாய்யா, என்ன வாசனை இது? இனிப்பா, நெயில் பாலிஷ் மாதிரி?

— யூஃபாங், பின்கதவைத் திற. தொட்டி மூடியைத் தள்ளு. மழைத் தண்ணி நிறைஞ்சிருக்கா?

— நிறைஞ்சுதான் இருக்கு. நான் அப்பவே சொன்னேன், அந்தச் சரக்கு வேணாம், வேணாம்னு...

— வாயை மூடிட்டுக் கதவைத் திற!

— எந்தச் சரக்கு அண்ணி?

— ஒண்ணும் இல்லம்மா. நீ வெளிய போ. இவரு பார்த்துப்பாரு.

— அறுபத்தி ஒண்ணு அண்ணே. பக்கத்து செல் முப்பதுக்கு வந்திடுச்சு.

— கடைசி நட்டு. சொல்றேன் கேளு. இது இருபது கிலோ இருக்கும். நீ அந்தக் கைப்பட்டியைப் பிடி, நான் இதைப் பிடிக்கிறேன். சமமா தூக்கணும். சாய்க்காதே. சீறினா கீழ போட்டுட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே. ஒண்ணு, ரெண்டு...

— வழுக்குது!

— விடாதே! வாசப்படி. காலைப் பார்த்து வை. யூஃபாங், அந்த வாளியை நகர்த்து!

— சீறுது அண்ணே, சீறுது...

— நட! நாலு எட்டுதான்! போடு! உள்ள போடு! தள்ளிப் போ! ரெண்டு பேரும் சுவருக்குப் பின்னாடி போங்க!

— ஐயோ, தண்ணி கொதிக்குதே.

— கொதிக்கட்டும். வெளிய வராது. மூக்கை மூடிக்க. இந்தப் புகையை முழுங்கினா நுரையீரல் போயிடும்.

— இன்னும் எவ்வளவு நேரம்?

— அதுவா அடங்கணும். அதுவரைக்கும் இப்படியே நிக்க வேண்டியதுதான். கையில அடி பட்டிருக்கா?

— இல்லை. இந்த வண்டியிலதான் இன்னிக்குக் காலையில ஒரு கர்ப்பிணிப் பொண்ணை ஆஸ்பத்திரியில விட்டேன். வீட்டுக்காரர் தினமும் இதே பின்சீட்டுலதான் தூங்கறார்.

— உள்ள இன்னும் அஞ்சு கட்டு இருக்கு. அதையும் எடுத்தாகணும். ஒவ்வொண்ணா. வண்டி இனிமே எங்கியும் போகாது.

— அந்தப் பச்சை டேப்பு உங்களுதுதானே அண்ணே?

— இந்தாய்யா, பதில் சொல்லாதே. நீ யாரும்மா? யாரு அனுப்பினா உன்னை? போன்ல பதிவு பண்றியா? போனை எடு, காட்டு!

— இந்தாங்க அண்ணி. அணைஞ்சுதான் இருக்கு.

— விடு யூஃபாங். என் வெல்டிங்தான். மூணு மூணு புள்ளி. மூடியைத் திறந்ததும் தெரிஞ்சிடுச்சு. என் கையை எனக்குத் தெரியாதா?

— நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைக்கலை.

— அந்த வருஷம் வெள்ளம் வந்துச்சில்ல. மூணு நாள் தண்ணியில கிடந்த புது வண்டிங்க. இன்சூரன்ஸ்காரன் கழிச்சு விட்டது. அதுல இருந்து எடுத்த செல்லுன்னு ஒருத்தன் லாரியோட கொண்டாந்தான். மீட்டர் வெச்சுப் பார்த்தேன், எல்லாம் முழுசா காட்டுச்சு. காய வெச்சுத் துடைச்சா புதுசு மாதிரி மின்னுச்சு. இவ வேணாம்னா. தண்ணி உள்ள போனது எப்பவும் வெளிய வரும்னா. நான்தான், வாரண்டி முடிஞ்சவன் எங்க போவான், அவனுக்கும் கட்டுப்படியாகணுமேன்னு...

— அவனுக்குக் கட்டுப்படியாகணும்னு சொல்லாதய்யா. நமக்குக் கட்டுப்படியாகணும்னு சொல்லு.

— சரி. நமக்குக் கட்டுப்படியாகணும்னு.

— பெய்ஷானுக்குப் போட்டதும் அதேதானா?

— தும்மிட்டுப் பேசுவார். காது பெருசு. கிளம்பும்போது ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சு ஆட்டினார். அவருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. தங்கச்சி, சத்தியமா, இப்ப நீ சொல்லித்தான் தெரியும். ஜூன்ல ஒரு வண்டி எரிஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன். எந்த வண்டின்னு கேட்கலை.

— கேட்கலையா, கேட்கப் பயந்தீங்களா?

— கேட்கலை.

— எல்லாமா எத்தனை வண்டிக்குப் போட்டீங்க?

— பதினொண்ணு. பன்னெண்டாவதுக்குப் போடும்போது ஒரு செல் என் கையிலயே உப்பிடுச்சு. மிச்சத்தை எல்லாம் இந்தத் தொட்டியில போட்டுட்டேன்.

— அப்பவே பதினொரு பேரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே.

— கடையை மூட வேண்டியிருந்திருக்கும். தினமும் காலையில எழுந்ததும் நினைப்பேன், இன்னிக்கு ஒண்ணும் ஆகலைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு. ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே ஓடிப்போச்சு.

— உனக்கு என்னம்மா வேணும்? காசா? போலீசா? நேரா சொல்லிடு. இந்த மனுஷன் ராத்திரியில தூங்கறதில்லை. எனக்கும் இனிமே தாங்காது.

— போலீசுக்கு எல்லாரும் சேர்ந்தே போவோம் அண்ணி. அதுக்குன்னு நான் வரலை. மூடியைத் திறந்ததும், "நல்ல வேலை, எவனோ ஒழுங்கா பண்ணியிருக்கான், எரிஞ்சதுக்கு இது காரணமா இருக்காது"ன்னு அண்ணன் வாயால சொல்லணும். அதைத்தான் வேண்டிக்கிட்டு வந்தேன். வழி நெடுக வேண்டிக்கிட்டு வந்தேன்.

— நல்ல வேலைன்னு நான் சொல்லணுமா? அதுல உனக்கு என்ன?

— தண்ணி அடங்கின மாதிரி இருக்கு அண்ணே.

— இன்னும் பத்து நிமிஷம். கிட்டப் போகாதே. பதினொண்ணுல ஒண்ணு சாம்பல். ஒண்ணு இந்தா இருக்கு. இன்னும் ஒன்பது வண்டி இந்த ஊருக்குள்ள ஆளை ஏத்திக்கிட்டு சுத்துது. மழை விட்டா மத்தியானம் எல்லாம் அந்த மைதானத்துக்குத்தான் வரும். பேரு தெரியாது, நம்பர் தெரியாது. ரசீது குடுத்தா மாட்டிக்குவோம்னு குடுக்கலை. எங்கன்னு போய்த் தேடறது?

— ஒன்பதுல ஆறு பேரோட நம்பர் என் போன்ல இருக்கு. மூணு பேரோட வீடே தெரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— என் வண்டி நல்லா ஓடுதுன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். ஒவ்வொருத்தரையா உங்ககிட்ட அனுப்பினேன். பெய்ஷான் வர மாட்டேன்னார் அண்ணே. வண்டியை இரும்புக் கடையில போட்டுட்டு ஊருக்குப் போய் அண்ணன்கூட பூண்டு பயிரிடப் போறேன்னு மூட்டையே கட்டிட்டார். நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தி விலாசம் எழுதிக் குடுத்தேன். அவர்கிட்ட என் நம்பரை வாங்கியிருக்கீங்க. மறுநாளே என் போன்ல இருநூறு யுவான் விழுந்துச்சு, "ஆள் அனுப்பினதுக்கு நன்றி, இன்னும் அனுப்புங்க"ன்னு உங்க குரல்ல.